திருப்பி வைத்த பைகள்

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் மிஷினின் உறையை எடுத்தேன். கடைக்காரம்மா விடுவதாக இல்லை, பை கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறதாம். எனக்கும் இந்த மிஷினுக்கும் ஏழாம் பொருத்தம். தடித்த துணியைப் பார்த்தாலே ஊசியை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இன்று என்னவோ முறைக்காமல் ஓடியது. ஆறு பைக்கு ஓரமும் அடியும் மூட்டி, உள்பக்கம் வெளியே தெரியும்படியே மேஜையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பையைத் திருப்பி, மூலையைத் தள்ளிக் கூராக்குவது சுண்டுவின் வேலை. தன் பழைய பல் பிரஷ்ஷின் காம்பை உள்ளே விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தள்ளுவாள். பிரஷ் மிஷின் இழுப்பறையில்தான் இருக்கிறது. என் பெண் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பிரஷ்ஷை எடுத்து நான் எப்படி மூலை தள்ளுவது?

பிப்ரவரி 4, செவ்வாய்

அவர் காலை ஷிப்டுக்குப் போனபின்தான் எழுந்தேன். தையல் அறைக்குப் போனால் — ஆறு பையும் திருப்பி அடுக்கியிருக்கிறது. மூலையெல்லாம் கூராக. இழுப்பறை ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது.

சுண்டு அதைச் சாத்தவே மாட்டாள். எத்தனை திட்டியிருப்பேன்.

நானே திருப்பிவிட்டு மறந்தேனா? இல்லை. அவரா? அவள் போனதிலிருந்து அந்த அறை வாசலை மிதிக்காத மனுஷன். குடை உள்ளே இருக்கிறதென்று மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போனவர்.

பிப்ரவரி 5, புதன்

சாப்பிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். "சுண்டு வந்துட்டுப் போயிருக்கா. பையெல்லாம் திருப்பி வச்சிருக்கா."

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னையே பார்த்தார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில், "சரி, நீயும் ரெண்டு வாய் சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். பசித்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேண்டுமென்றே தினமும் திருப்பாமல் வைக்கிறேன். தினமும் திருப்பியிருக்கிறது. நேற்று வைத்தவை மட்டும் அப்படியே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் லீவு போலிருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

கடைக்காரம்மா நான்கு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பிடிக்கிற காது ரொம்பக் குட்டையா இருக்கு. தோள்ல மாட்டினா அக்குள்ல இடிக்குது. சின்னப் பிள்ளைங்களுக்கா தைக்கிறீங்க?" காதை நீட்டி வைக்காவிட்டால் இனி எடுக்கமாட்டாளாம்.

வீட்டுக்கு வந்து காது வெட்டும் அளவு அட்டையை எடுத்துப் பார்த்தேன். சுண்டுவை நிற்க வைத்து, அவள் தோளில் அளந்து வெட்டிய அட்டை. பெரியவர்கள் தோள் எவ்வளவு என்று எனக்கென்ன தெரியும். மாற்றமாட்டேன். காதை நீட்டினால், அவள் வந்து மாட்டிப் பார்க்கும்போது பை முழங்கால்வரை தொங்காதா?

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரு பை குறைகிறது. மஞ்சள் கட்டம் போட்டது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது — எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மஞ்சள் என்றால் உயிர் அவளுக்கு.

எடுத்துக்கோ கண்ணு. ஆனா அதுக்கு இன்னும் காதே வைக்கலையே, எப்படித் தூக்குவே?

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் அவர் வெளியே போயிருந்தார். அவர் வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் துவைக்கலாமென்று கவிழ்த்தேன். அடியிலிருந்து சுருட்டிய துணி ஒன்று விழுந்தது. மஞ்சள் கட்டம்.

ஒரு மூலையில் பிரஷ் காம்பு துளைத்துக்கொண்டு வெளியே வந்த ஓட்டை. அதைக் கறுப்பு நூலால், மஞ்சளுக்குப் போய்க் கறுப்பு நூலால், கோணல்மாணலாக மூடியிருக்கிறது. அவர் தன் சட்டைப் பட்டன் தைப்பதுபோல் முடிச்சுக்குமேல் முடிச்சு.

அவ வரலை. ஒரு நாள்கூட வரலையா? காலையில எழுந்ததும் அந்த ரூம்ல நின்னு பேசினேனே, யார்கிட்ட பேசினேன்? மறுபடியும் என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

பையை அவர் முன்னால் வைத்தேன். கத்தித் தீர்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன். அவர் பையைத் தொடாமலே பேசினார்.

"மொத நாள் சும்மாதான் உள்ள போனேன். அவ உக்கார்ற ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உக்காந்தேன். கை சும்மா இருக்கலை. மறுநாள் நீ வந்து அப்படிச் சொன்னே. சொல்லிட்டு நல்லா சாப்பிட்டே. எத்தனை நாளாச்சு நீ சாப்பிட்டு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

"இழுப்பறையை ஏன் திறந்து வச்சீங்க? அவளை மாதிரியே?"

"சாத்தினா கிறீச்சுன்னு சத்தம் போடுது. நீ முழிச்சுக்குவேன்னுதான்."

அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை. சுண்டு பை திருப்புவதெல்லாம் மத்தியானம், நான் படுத்திருக்கும்போதுதான். அதற்காகத்தான் அவளும் சாத்தாமல் விட்டிருக்கிறாள். நான் எழுந்து வந்து அதற்கே திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மிஷினைத் தொடவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

கடைக்காரம்மா ஆள் அனுப்பிவிட்டாள். காதுக்குத் துணி வெட்ட உட்கார்ந்தேன். பழைய பழக்கம், "இங்க வந்து நில்லு" என்று வாய் கூப்பிட்டுவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அவளைக் கூப்பிட்டுவிட்டேன்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் அறை வாசலில் வந்து நின்றார். பட்டப்பகலில், என் கண் முன்னால். கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்து தோளைக் காட்டினார். நான் எக்கித்தான் டேப்பை வைக்க வேண்டியிருந்தது.

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன்."

நேராக நிற்கவில்லை. அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

புது அட்டை வெட்டினேன். சுண்டுவின் அட்டையை இழுப்பறையில் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைக்கப்போனேன். பிரஷ் அங்கே இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அதை வைத்து மூலை தள்ள ஆரம்பித்திருந்தார். மெதுவா, கிழிச்சிடாதீங்க என்றேன்.

மஞ்சள் பைக்கு மட்டும் பழைய அளவிலேயே காது வைத்தேன். அந்தக் கறுப்புத் தையலைப் பிரிக்கவில்லை. மத்தியானம் தூக்கம் வந்தது. படுக்கப் போகுமுன் பார்த்தேன், இழுப்பறை ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.