நீராவிப்பிட்டிக் கிணற்றுப் பாட்டு

துணுக்காய்
12.05.2024

மதிப்புக்குரிய றம்லா அக்காவுக்கு,

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். என் பெயர் சுரேகா. துணுக்காயில் முன்பள்ளி ஆசிரியை. பாட்டும் கட்டுவேன். உங்கள் தம்பி நாஸிம் அண்ணா எங்களோடு ஆர்மோனியம் வாசிக்கிறார். அவரிடம்தான் இந்த முகவரியை வாங்கினேன். தொலைபேசி எண்ணும் தந்தார். ஆனால் போனில் கேட்டால், முகத்துக்காக நீங்கள் உடனே "ஓம்" சொல்லிவிடக்கூடும். அப்படியொரு "ஓம்" எனக்கு வேண்டாம். ஆறுதலாக யோசித்துப் பதில் எழுதுங்கள்.

நாங்கள் ஆறு பாட்டுகளில் ஓர் இசைத்தொகுப்புச் செய்கிறோம். எல்லாமே ஆட்களின் கதையைக் கேட்டு நான் எழுதியவை. முள்ளிவாய்க்காலில் கரைவலை இழுக்கும் ஒரு பெண்ணின் கதை ஒன்று. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கும் பேச்சியம்மா மாமி, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த வழியைச் சொல்லச் சொல்ல எழுதியது இன்னொன்று. நெடுங்கேணியில் வினோதன் என்பவர் உழவு இயந்திரம் திருத்துகிறார். அவருடைய கராஜின் பின்னறையில், சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டித்தான் ஒலிப்பதிவு. மேளமும் அவர்தான்.

மூன்றாவது பாட்டு மட்டும் என் சொந்தக் கதை. இப்படித் தொடங்கும்:

எங்கட வீட்டுக் கிணத்தடியில்
தேசி பூத்த வாசம்

போன ஞாயிறு ஒத்திகையில் நாஸிம் அண்ணா வாசிப்பை நிறுத்திவிட்டு, "இது எந்தக் கிணறு தங்கச்சி?" என்று கேட்டார். நீராவிப்பிட்டியில், சதுரக் கட்டு வைத்த கிணறு என்றேன். "அது எங்கட கிணறு" என்றார்.

தொண்ணூறில் முஸ்லிம் ஆட்கள் எல்லாரோடும் உங்களையும் ஊரைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த வருடம், இருந்த குடிசையும் செல்லடியில் எரிந்துபோய் நின்ற என் அப்பா அம்மாவுக்கு யாரோ அந்த வெறும் வீட்டைக் காட்டி "இருங்கோ" என்றார்களாம். நான் அங்கேதான் பிறந்தேன். கடைசிச் சண்டையில் வெளிக்கிடும் வரை அங்கேதான் இருந்தோம். அந்த வீட்டை "எங்கட" என்று சொல்லியே வளர்ந்துவிட்டேன், அக்கா.

இந்தப் பாட்டைத் தொகுப்பில் சேர்க்கலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சுரேகா கணபதி


தில்லையடி, புத்தளம்
29.05.2024

சுரேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "எங்கட" என்ற அந்த ஒரு சொல்லைக் கண்டதும் மடித்துத் தையல் மெஷினுக்குக் கீழே வைத்துவிட்டேன். பெருநாள் உடுப்புத் தைக்கிற காலம். வேலையைச் சாட்டி அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

வெளிக்கிடும்போது எனக்குப் பத்து வயது. நாஸிமுக்கு மூன்று. அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இங்கே எங்களை இன்றைக்கும் "அகதி" என்கிறார்கள். நாஸிம் திரும்பிப்போய் அந்தக் காணியில் வீடு கட்டியபோது, அங்கே அவனைப் "புதுசா வந்த ஆக்கள்" என்றார்களாம். உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் அது பொய்.

பாட்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் சொல்லும் தேசி, கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றதா? அப்படியென்றால் அது என் வாப்பா நட்டது. அந்த மாரிக்கு நட்டார், அதே மாரியில் வெளிக்கிட்டோம். நாஸிம் போய்ப் பார்த்தபோது மரமும் இல்லை, வீடும் இல்லை. கிணறு மட்டும்தான்.

நீங்கள் வரும்போது வீட்டில் என்ன இருந்தது? நடுவில் என்ன நடந்தது? சொல்வதற்கு எங்களுக்கு ஒருத்தரும் இருக்கவில்லை.

றம்லா ஜவாஹிர்


துணுக்காய்
16.06.2024

அன்புள்ள றம்லா அக்காவுக்கு,

ஓம் அக்கா. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான்.

மற்றதெல்லாம் என் அம்மா அழகம்மாவைக் கேட்டு எழுதுகிறேன். அவர் பேச்சில் இன்னும் மலைநாடு இருக்கிறது, அப்படியே தருகிறேன்: "கதவு சன்னல் ஒண்ணுமில்ல. யாரோ கழட்டிட்டு போயிருந்தாங்க. ஓடும் பாதிதான். அம்மி மட்டும் கெடந்துச்சு. எங்கிட்ட இருந்த சீலைய வாசல்ல கட்டித்தான் படுத்தோம். அந்த எலுமிச்சங் கன்ன, தேசியத்தான், ஆடு கடிச்சு மொட்டையா நின்னுச்சு. உங்கப்பா முள்ளு வெட்டியாந்து சுத்தி அடைச்சாரு. நமக்கே வீடில்ல, இது எதுக்குன்னு கேட்டேன். வச்சவங்க வந்தா காட்டணும்லன்னாரு."

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அது காய்த்தது. அம்மா ஊறுகாய் போட்டு அயல் முழுக்கக் கொடுத்தார். அம்மியில் உங்கள் உம்மா அரைத்த பள்ளத்தில்தான் நாங்களும் அரைத்தோம். சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்து வந்த இரண்டு குடும்பம் விறாந்தையில் இருந்தது. யாரும் பசியோடு படுக்கவில்லை. அது நல்ல வீடு, அக்கா.

கடைசிச் சண்டையில் செல் விழுந்தபோது நாங்கள் பங்கருக்குள் இருந்தோம். வெளியே வந்து பார்த்தால் சுவர் இல்லை. தேசி நடுவால் பிளந்து கிடந்தது. பச்சைத் தேசிக்காய் மணம் காணி முழுக்க. அன்றைக்கே நடக்கத் தொடங்கினோம். அப்பா பிறகு செட்டிக்குளம் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்புடன்,
சுரேகா


தில்லையடி, புத்தளம்
07.07.2024

அன்பான தங்கச்சி சுரேகாவுக்கு,

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்தேன். ஒரு காலத்தில் சைக்கிளில் துணி கட்டி விற்று முள்ளியவளை முழுக்கச் சுற்றித் திரிந்த மனிசன், இப்போது நடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்தபடியேதான். முள்ளு அடைத்த இடம் வந்ததும் "திரும்ப வாசி மகள்" என்றார். மூன்றாம் தரமும் வாசித்தேன். பிறகு உன் அப்பாவின் பெயரைக் கேட்டார். தொழுகைக்குப் பிறகு கணபதிக்கு என்று சொல்லித் துஆ கேட்கிறார். உன் அம்மாவிடம் சொல்.

"எங்கட" என்ற சொல்லை நீ மாற்ற வேண்டாம். பிறந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? ஆனால் நீ உன்னுடைய "எங்கட"வைப் பாடி முடிந்ததும், நான் என்னுடையதைப் பாட வேண்டும். நான் பாட்டுக்காரியில்லை. மெஷின் மிதித்துக்கொண்டிருக்க இது வந்தது:

நட்ட தேசி பூக்க முன்னம்
நடவெண்டு சொன்னாங்கள்
துவக்கோட வந்து நிண்டு
துறப்பையும் வாங்கினாங்கள்

அப்படித்தான் நடந்தது. வாப்பா கதவைப் பூட்டித் துறப்பை மடியில் கட்டினார். அதையும் தா என்று வாங்கிக்கொண்டார்கள். உம்மா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா. சொற்பிழை இருந்தால் திருத்து. இனி அக்கா வேண்டாம், எங்கட வழக்கப்படி லாத்தா என்றே எழுது.

அன்புடன்,
றம்லா லாத்தா


துணுக்காய்
28.07.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

சொற்பிழை ஒன்றுமில்லை. துவக்கு, துறப்பு. துப்பாக்கியும் சாவியும் இப்படி ஒரே எழுத்தில். நான் இருந்து யோசித்தாலும் இப்படி வந்திராது.

ஆனால் ஒரு சிக்கல். வினோதன் அந்த வரியைக் கேட்டதும் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அண்ணா, உங்களை அனுப்பிய அதே இயக்கத்தில் பிறகு சேர்ந்து, இறுதிச் சண்டையில் இறந்துபோனவர். "தொண்ணூறிலை அண்ணா சின்னப் பெடியன். அந்தச் செயலுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. எண்டாலும் துவக்கெண்டு பாடினா, அம்மாவுக்கு அவன்ர முகம்தானே வரும்? இந்தக் கராஜிலை வைச்சு நான் எப்பிடித் தட்டுறது?" என்றார். நாஸிம் அண்ணா ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒன்றாக வாசிக்கிறவர்கள். அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. "துவக்கோட வந்து" என்பதைக் கொஞ்சம் மாற்றலாமா, லாத்தா? "துயரோட பார்த்து நிண்டு" என்ற மாதிரி ஏதாவது?

அன்புடன்,
சுரேகா


தில்லையடி, புத்தளம்
09.08.2024

சுரேகாவுக்கு,

துயரோடு பார்த்து நின்றது நாங்கள். துவக்கோடு வந்து நின்றது வேறு ஆட்கள்.

அந்தத் தம்பியின் அண்ணாவை நான் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கும் என் அனுதாபம் உண்டு. ஆனால் என் வாயால் நான் பாடும் வரியில், எங்களுக்கு நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். முப்பத்துநாலு வருடமாக எல்லாரும் எங்களிடம் கேட்பது இதைத்தான்: கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கோ.

என் மகள் ஸம்ஹாவின் போனில் பாடி நாஸிமுக்கு அனுப்பியிருக்கிறேன். போடுவதென்றால் அப்படியே போடுங்கள். இல்லையென்றால் முழுவதையும் அழித்துவிடுங்கள்.

றம்லா


துணுக்காய்
15.09.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். எழுத மட்டும் முகமில்லை. ஏதாவது முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது முடிந்துவிட்டது.

போன சனிக்கிழமை எல்லாரையும் நெடுங்கேணிக்கு வரச் சொன்னேன். லாத்தாவின் குரல் இல்லாமல் என் குரலும் இந்தப் பாட்டில் இல்லை, ஐந்து பாட்டோடு நிறுத்துவோம் என்றேன். வினோதன், "முதல்ல குரலைப் போடு, கேப்பம்" என்றார். போட்டோம். பாதியில் அவருடைய அம்மா விமலேஸ்வரி தேத்தண்ணியோடு உள்ளே வந்துவிட்டா. நிறுத்தப் போனேன். "விடு பிள்ளை" என்றா.

கேட்டு முடித்துவிட்டு நாஸிம் அண்ணாவைப் பார்த்து, "துறப்பையும் வாங்கினவையோ தம்பி?" என்று கேட்டா.

"ஓம் அம்மா."

தேத்தண்ணித் தட்டத்தை இறக்கி வைத்தா. "என்ர பிள்ளை வீட்டை விட்டுப் போனது இதுக்கில்லை. எண்டாலும் அவா பாடினது பொய்யில்லையே" என்றா. வினோதனிடம், "போடு" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி தந்துவிட்டுப் போனா.

வினோதன் மேளத்தை எடுத்தார். "போடுறன். ஆனா அந்த வரிக்கு என்ர கை வராது. ஒருத்தரும் கட்டாயப்படுத்தக்கூடாது" என்றார். அப்படியே நடந்தது. "துவக்கோட" என்ற இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். உங்கள் குரலும் நாஸிம் அண்ணாவின் ஆர்மோனியமும் மட்டும். அடுத்த வரியில் திரும்பச் சேர்ந்துகொண்டார். இன்னொரு தரம் எடுப்போமா என்று கேட்டேன். நாஸிம் அண்ணாதான் "வேண்டாம், இது இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

பாட்டை அண்ணா உங்களுக்கு அனுப்புவார். மேளம் நிற்பது பிழையென்று நினைக்காதீர்கள், அழகுக்காக என்றும் நினைக்காதீர்கள். காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இது போதாது என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுரேகா


தில்லையடி, புத்தளம்
06.10.2024

அன்புத் தங்கச்சி,

போதும்.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வரி தட்டினால் கை முறிந்துவிடுமா என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். தட்டவில்லைத்தான், ஆனால் எழும்பிப் போகவும் இல்லையே. தன் வீட்டில் இருந்து அதைக் கடைசிவரைக்கும் கேட்டிருக்கிறார். இவ்வளவு காலத்தில் அப்படிக் கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. விமலேஸ்வரி அம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல். கண்டால் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

காணத்தான் போகிறேன். மார்கழி விடுமுறையில் ஸம்ஹாவையும் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு நீராவிப்பிட்டிக்கு வருகிறேன். இத்தனை வருடம் நாஸிம் கூப்பிட்டும் வாப்பா "பார்த்து என்ன செய்ய?" என்றுதான் சொன்னவர். இந்த முறை அவரே வாடகைக்கு ஒரு வான் பிடிக்கச் சொன்னார். நீ உன் அம்மாவைக் கூட்டி வா. வினோதன் தம்பி வர விரும்பினால் வரட்டும். வராவிட்டாலும் குறையில்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல். வாப்பாவுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கதிரைக் கையில் விரலால் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தது, மேளம் நின்றது. வாப்பாவின் விரல் நிற்கவில்லை.

உன்,
றம்லா லாத்தா