வனிதாவை யாரும் கேட்கவில்லை

மே 14, 2025, புதன்

புதுக்கோட்டைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மனித உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப் என்றதும் கோர்ட், வாதம் என்று கற்பனை செய்திருந்தேன். வந்ததிலிருந்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைப் படிப்பதும், ஷர்லியிடம் சைகை மொழி கற்பதும்தான் வேலை. ஷர்லி இங்கே மொழிபெயர்ப்பாளர். ஏறக்குறைய என் வயதுதான். அவளுடைய அப்பா அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் வாய்ப்பேச்சுக்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. என் விரல்கள் விறகு மாதிரி கிடக்கின்றன. "அன்புமொழின்னு பேர வச்சுக்கிட்டு இப்படியாடி?" என்று சிரிக்கிறாள்.

மே 19, திங்கள்

காது கேளாத ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள், தன்னைப் போலவே காது கேளாத தோழி வனிதாவைப் பற்றிச் சொல்ல. இருவரும் இங்கே ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். குன்றாண்டார்கோவில் பக்கம் சொந்த ஊருக்கு லீவில் போன வனிதா திரும்பவேயில்லை. வீடியோ காலும் நின்றுவிட்டது. போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டாராம்.

அந்த வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. அப்படியென்றால் இத்தனை நாளாக அவள் யாரிடம் பேசியிருப்பாள்?

மே 20, செவ்வாய்

நானும் ஷர்லியும் போனோம். வனிதாவின் அப்பா ஆத்மநாதன் முரடர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஜூன் எட்டாம் தேதி வனிதாவுக்குக் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள்.

"நல்ல மனுசன். இதுக்கு வேற எங்கிட்டுப் போயி மாப்ள தேடுறது? எந்நேரமும் போன்ல கைய ஆட்டிக்கிட்டுருந்தா அவுக தப்பா நெனைப்பாகன்னுதான் வாங்கி வச்சேன்."

"வனிதாகிட்ட கேட்டீங்களாப்பா?" என்றாள் ஷர்லி.

"கேக்காமயா? பொடவையக் காட்டிக் கேட்டோம். சிரிச்சுக்கிட்டே தலையாட்டுச்சு."

வனிதாவின் அம்மா அமராவதி அவளை அழைத்து வந்தார். ஷர்லியின் கை அசைந்ததும் வனிதா அப்படியே நின்றுவிட்டாள். அந்த வீட்டுக்குள் நேரில் இன்னொருவர் கையில் அவள் தன் மொழியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் பேசிய வேகம்! எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஷர்லியின் முகம் மாறுவது மட்டும் தெரிந்தது.

"பொடவை நல்லாருக்கான்னு கேக்குறீங்கன்னு நெனச்சாளாம். பொண்ணு பாக்க வந்தவங்க அவ தங்கச்சிக்காக வந்தாங்கன்னு நெனச்சாளாம். தனக்குத்தான் கல்யாணம்னு இப்பதாங்க அவளுக்குத் தெரியும்."

அமராவதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசினேன். எழுந்து நின்று — சட்டம் சும்மா விடாது, கலெக்டரிடம் போவோம் என்று. ஆத்மநாதன் முகம் இறுகியது. "மொதல்ல வெளிய போங்க" என்றார். கதவு சாத்தப்பட்டது.

மே 21, புதன்

எதுக்குடி அன்புமொழி எந்திரிச்ச? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? கதவு சாத்துறப்ப வனிதா ஷர்லியோட கையத்தான் பாத்துக்கிட்டு நின்னா.

மே 24, சனி

அமராவதி ஆபீசுக்குப் போன் செய்தார். "அவுக வெளியூரு போயிருக்காக. நீங்க வாங்க. எம்மகளை நானே ஒரு வார்த்தை கேக்கணும்." ஷர்லி வேறொரு வழக்குக்காகத் திருச்சியில். நான் மட்டும் போனேன், ஷர்லியை வீடியோ காலில் வைத்துக்கொண்டு.

அமராவதி கேட்டார்: "கல்யாணம் வேணுமா, வேணாமா?" வனிதா வேண்டாம் என்றாள். வேலைக்குப் போக வேண்டும் என்றாள். சரி என்று அமராவதி தலையாட்டினார். பிறகு, "என்னைய அவ என்னன்னு கூப்புடுறான்னு கேளு பாப்பா" என்றார்.

அம்மா மூக்குத்தி போட்டிருக்கும் இடத்தை வனிதா தன் மூக்கில் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"கைப்பேச்சுல அதுதான் உங்க பேரு. அவ பிரண்டுகளுக்கெல்லாம் தெரியும்" என்றேன்.

அமராவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் சைகை எதுவும் ஞாபகம் வரவில்லை.

ஜூன் 2, திங்கள்

கல்யாணம் நின்றுவிட்டது. "பொண்ணுக்கு இஷ்டமில்லை" என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அமராவதியே போய்ச் சொல்லியிருக்கிறார். வனிதா போனோடு கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். ஆபீசில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான். ஆனால் ஆத்மநாதன் அமராவதியிடம் பேசுவதில்லையாம். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களாம். நாம் பஸ் ஏறி வந்துவிடுகிறோம். அமராவதி அந்த வீட்டிலேயேதானே இருக்க வேண்டும்?

ஜூன் 13, வெள்ளி

இன்றோடு இன்டர்ன்ஷிப் முடிந்தது. ஷர்லி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். இரண்டு பேரும் வாயே திறக்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருச்சி, லா காலேஜ் ஹாஸ்டல். அமராவதியிடமிருந்து வீடியோ கால்.

"ஒரு எடம் வந்துருக்கு பாப்பா. அந்தப் பையனுக்கும் காது கேக்காது. இவுக என்ன சொன்னாக தெரியுமா? எம்மகளைக் கேட்டுட்டுத்தான் பதிலு சொல்லுவேன்னுட்டாக."

"வனிதா என்ன சொன்னா?"

"இன்னும் கேக்கலை. அடுத்த வாரம் வாரா. அவுகளே கேக்கணுமாம். எப்புடிக் கேக்குறதுன்னு காட்டு."

ஆத்மநாதன் திரைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தார். 'உனக்கு விருப்பமா?' — மெதுவாகச் செய்து காட்டினேன். அவரும் செய்தார். கை சரிதான்.

"புருவத்தத் தூக்கணும்ப்பா. இல்லேன்னா அது கேள்வி ஆகாது. விருப்பம்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும்."

அமராவதி பக்கத்தில் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஆத்மநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி கையைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை புருவத்தையும் தூக்கினார்.