மூன்று புள்ளியும் ஒரு கீறலும்

என் ஆசை அப்பா,

நாளை மறுநாள் கவினுக்கு ஒப்பரேசன். நீங்கள் காணாத பேரன். உங்களுக்கு வந்த அதே குடலிறக்கம்தான் அவனுக்கும். வலது தொடை இடுக்கில், அழும்போது மட்டும் புடைத்துக்கொண்டு வரும். அழுகை நின்றால் தானாக உள்ளே போய்விடும்.

முதலில் அது அரைஞாண்கொடி இறுக்கிய வீக்கம் என்றுதான் மாமி சொன்னா. நானும் நம்பினேன். பட்டம் படித்தவள், கொடியைத் தளர்த்திக் கட்டிவிட்டு வீக்கம் வற்றும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறீர்களா?

வற்றவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கிண்ணியா ஊர்க்காரி. பொறுமையாகப் படம் கீறிக் காட்டினார். பிறக்கமுன் மூடியிருக்க வேண்டிய சின்ன வழியொன்று மூடாமல் கிடக்கிறதாம், அதற்குள்ளால்தான் குடல் இறங்குகிறதாம். தொடை மடிப்பில் சிறிதாகக் கீறி, அந்தப் பையைப் பிரித்து, அடியில் கட்டிவிட்டால் சரி. வளரும் பிள்ளை என்பதால் உங்களுக்கு வைத்தது போல வலை வைப்பதில்லை.

"கமரா விட்டுச் செய்ய ஏலாதா?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவின் மகன் ஆதிக்குக் கொழும்பில் அப்படித்தானே செய்தார்கள். "மூண்டு புள்ளிதான், நுளம்பு கடிச்ச மாதிரி" என்று அக்கா சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

"செய்யலாம், கொழும்புக்குப் போகணும். மற்றப் பக்கத்தையும் உள்ளுக்குள்ளாலயே பார்க்கலாம், அது ஒரு நன்மை. ஆனா மகனுக்கு ஒரு பக்கம்தானே. இந்த வயசுல ரெண்டு முறையும் நல்லம்தான். தழும்பு மடிப்புக்குள்ள மறைஞ்சிடும்."

"எண்டாலும் அக்காட மகனுக்கு..."

டொக்டர் பேனையை வைத்தார். "தங்கச்சி, நாம மகன்ட குடலைப் பற்றியா பேசுறம், அக்காவைப் பற்றியா?"

பக்கத்தில் இருந்த என் கணவர் சிரித்துவிட்டார். லிங்கநகரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் திகதி தரத் தயாராக இருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டேன். வீக்கம் இறுகினால் ஒரு நிமிடமும் நிற்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி டொக்டர் அனுப்பினார்.

பொறாமைதான் அப்பா. உங்களிடம் என்ன மறைப்பு? அந்த மூன்று புள்ளியை நினைத்தாலே எனக்கு எரிகிறது. அதைவிட எரிவது ஆதியின் ஒப்பரேசனுக்கு நீங்கள் அக்காவோடு போய் நின்றது. உங்களுடைய வயிற்றிலேயே வலை. பாரம் தூக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நீங்களோ ஆதியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிவீட்டு விறாந்தையில் மேலும் கீழும் நடந்தீர்களாம். நான் அப்போது கம்பஸில், பரீட்சையோடு. எனக்கென்று ஒரு பிள்ளை வந்தபோது நீங்கள் இல்லை. கமராவும் அவளுக்கு, அப்பாவும் அவளுக்கா? இது நியாயமா?

போன கிழமை கவின் வீரிட்டு அழுதான். அழுகை ஓய்ந்தும் வீக்கம் உள்ளே போகவில்லை. தொட்டால் கல்லு மாதிரி. குடித்த பாலையும் கக்கினான். ஓட்டோவில் அவனை மடியில் வைத்திருந்தபோது கொழும்பும் இல்லை, புள்ளியும் இல்லை அப்பா. அவன் வயிறு மட்டும்தான் இருந்தது.

டொக்டர் மருந்து கொடுத்து அவனை அமைதியாக்கி, மெல்ல மெல்ல அழுத்தி உள்ளே தள்ளிவிட்டார். குடலுக்கு ஒன்றுமில்லை. வீக்கம் தணிந்ததும் கீறிச் செய்வோம் என்றார். கமரா என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஓம் என்றேன்.

அன்றிரவு அக்கா எனக்குப் போன் எடுத்தாள். கொழும்புக்குக் கொண்டுவா என்பாள், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"கீறினா என்னடி? ஆதிட புள்ளியை இப்ப நானே தேடித்தான் பிடிக்கோணும். நான் ரெயினில வாறன்."

"நீ வர வேண்டாம். எனக்கு ஏலும்."

"உனக்கு ஏலும், ஆர் இல்லையெண்டது? நோவோட கத்துவான்டி. காயம் நசியாம அப்பா ஆதியை எப்பிடித் தூக்கி வைச்சிருந்தவர் எண்டு உனக்குத் தெரியுமே?"

தெரியாது. உங்களில் என்னிடம் இல்லாத ஒரு துண்டை அவள் வைத்திருக்கிறாள். அதை ரெயினில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். வேண்டாமென்றால் நட்டம் யாருக்கு? எனக்கும் கவினுக்கும்தானே?

நாளை ஸ்டேஷனுக்கு நானே போவேன், அப்பா. முகத்தை நீட்ட மாட்டேன் என்று சொல்ல ஏலாது, கொஞ்சம் நீளும். ஆனால் ஒப்பரேசன் முடிந்து கவினை வாட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுப்பேன். பக்கத்தில் நின்று, தலையை எந்தத் தோளில் சாய்க்கிறாள், மற்றக் கையை எங்கே கொடுத்துத் தாங்குகிறாள் என்று பார்ப்பேன். பார்த்து முடிந்ததும் வாங்கிவிடுவேன். பிறகு அவள் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்களில் பங்கு கேட்கும்
உங்கள் சின்னவள்