ராணி இல்லாத தேனீ

இன்று காலை நம் இருவர் தோட்டத்துக்கும் பொதுவான வரப்பில், பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளையைப் பார்த்தேன். சுற்றிலும் சலித்தது போலப் புதுமண். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் துளை. நீர் செத்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் உம்மேல்தான் எரிச்சல் வந்தது.

நீர் விவசாயப் படிப்புப் படித்து, அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதனால்தான், வரப்பு மண்ணுக்குள் தேனீ முட்டையிடுகிறது என்று பனவடலிசத்திரம் டீக்கடையில் நான் சொன்னதும், எல்லோரும் கேட்கும்படி சிரித்தீர்.

"ராணி இல்லாம எந்த ஊருல வே தேனீ இருக்கு? அது குளவி. மருந்தப் போடும்" என்றீர்.

நான் நான்கு பருவம் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரப்பில் உட்கார்ந்தவன். முதலில் ஆண்கள் வெளியே வரும். பெண்கள் வரும்வரை தரையை ஒட்டியே சுற்றும். கூடியதோடு அவற்றின் வேலை முடிந்தது. பிறகு எல்லாம் அவள் பாடு. தனியாகத் துளை தோண்டுவாள். மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மண்ணால் அடைப்பாள். பிள்ளை வெளியே வருவதைப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். பக்கத்துப் பக்கத்தில் நூறு துளை இருந்தாலும் ராணி கிடையாது. குனிந்து பார்த்தால் தெரியும். உம் படிப்புக்குக் குனிவது இழுக்கு.

நான் கண் ஆபரேஷனுக்குச் சங்கரன்கோவில் போயிருந்த வாரத்தில் வரப்பு முழுக்கப் பூச்சிமருந்துப் பொடியைத் தூவினீர். அடுத்த பருவம் உம் பூசணிப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. என்னுடையதும்தான்.

ஒரு விடியற்காலையில் உம்மைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஆண்பூவைப் பறித்து, ஒவ்வொரு பெண்பூவாகத் தேய்த்துக்கொண்டிருந்தீர்.

"என்ன வே, ராணி இல்லாமலே வேலை நடக்குதோ?" என்றேன்.

நீர் தலையை நிமிர்த்தவில்லை. "பனி மறைக்குது, யாருன்னு தெரியல" என்றீர். நாற்பது வருஷமாக என் குரலைக் கேட்டவர்!

தப்புதான் என்று ஒரு சொல். அதைத்தான் கேட்டேன். நீர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது நான் வந்து பார்த்தேன், அப்போதும் மழையைப் பற்றியே பேசினீர்.

போன வாரம் உம் மகன் வந்தான். வரப்பை வெட்டிச் சமப்படுத்தினால் டிராக்டர் திரும்ப வசதியாம். "ஒங்கப்பா வந்து எங்கிட்ட தப்புன்னு சொல்லட்டும், அப்புறம் வெட்டு" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனான்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீர் வரப்போவதில்லை, வரப்பு நிற்கும். நீர் வாயைத் திறக்காமல் போனதில் விளைந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.