கிணற்றடியில் கிடந்த கேரியர்

பருத்திப்பட்டு,
விய வருஷம், கார்த்திகை மாதம்.

சிரஞ்சீவி ஜெயராமனுக்கு உன் அம்மா நாகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. உன் மோட்டார் சைக்கிள் சௌக்கியம். நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். அதற்கு அடுத்தபடியாக உன் நைனாவும் நானும் இருக்கிறோம், எருமை இருக்கிறது, திருநின்றவூரில் உன் தங்கை வரலட்சுமியும் அவள் பிள்ளையும் இருக்கிறார்கள். ஏரி நிரம்பிவிட்டது, மழை விட்டபாடில்லை, கொட்டகைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, உன் வண்டி நின்ற இடத்தில் மட்டும் ஒழுகாமல் உன் நைனா ஓலை போட்டு வைத்திருந்தார். அந்த டாட்டா நகரில் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி வாங்கினாயா என்று கேட்டு எழுதியிருந்தேன், பதில் இல்லை. வடக்கே கலகம் என்று பேப்பரில் வருகிறதாம், சந்தைக்குப் போனவர்கள் வந்து சொல்கிறார்கள், உன் பக்கம் எப்படி என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, ஊர் பேர் தெரியாதவனோடு வெளியே சுற்றாதே.

உன் கடிதம் வந்தது. ஒரு முழுப் பக்கம் வண்டிதான். செயினுக்கு எண்ணெய் விட்டீர்களா, டயர் தரையில் படாமல் செங்கல் மேல் தூக்கி வைத்தீர்களா, டாங்கியின் மேல் கோழி ஏறுகிறதா, வாரம் தவறாமல் கிக்கரை உதைத்து எஞ்சினைச் சுற்றிவிடுகிறீர்களா. கடைசி வரியில், மற்றபடி எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். சொன்னேனப்பா, எருமையிடமும் சொன்னேன். அதோடு வண்டியை ஆவடி ஸ்டேஷனில் கூட்ஸில் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தாய், அங்கே ரோடு நன்றாக இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு வேலை செய்கிறவர்களெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிறார்களாம், உனக்கு மட்டும் வண்டி இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதாம். நான் அனுப்பக் கூடாது என்றேன். காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்த வீட்டில் உனக்கு வேண்டியது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அது கொட்டகையில் நிற்கிற வரைக்கும் என்றைக்காவது அதை எடுக்கவாவது நீ வருவாய், வந்தால் இரண்டு வேளை சாப்பிடுவாய், உன் முகத்தைப் பார்க்கலாம். அதையும் ரயிலேற்றிவிட்டால் நீ எதற்காக வரப்போகிறாய்? தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வருவதாகப் பேச்சே இல்லை. உன் நைனாவோ, "அவன் பொருளு, அவன் கேக்கறான், இன்னாத்துக்கு நீ புடிச்சி வெச்சிக்கினு கீறே" என்றார். சில நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வண்டி இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. பட்டாளத்து டிப்போவுக்கு நிலம் போன பிறகு, உழ இடமில்லை, காளைகளுக்குத் தீனி போட்டு என்ன பிரயோஜனம் என்று நீ கேட்டாய். உன் நைனா மறுபேச்சுப் பேசவில்லை. மயிலைக் காளைகள் போயின, கூடவே கட்டை வண்டியும் போயிற்று, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார சார்ஜண்டிடமிருந்து இது வந்து அந்த இடத்தில் நின்றது. வந்த புதிதில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சின்ன வண்டி, முன்னும் பின்னும் முழு மட்கார்டு, பின்னால் ஒரு கேரியர், ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். திருவேற்காட்டு அம்மன் கோவிலுக்கு என்னை அதில் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்றாய், நானும் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் உனக்கு அது ரேஸ் வண்டி மாதிரி இருக்க வேண்டும். டிப்போ ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் அதன் மேல் காட்டினாய். ஹாண்டில்பாரைக் கீழே வளைத்தாய், அதைப் பிடித்துக்கொண்டு நீ குனிந்து போனது வயிற்றுவலிக்காரன் போவது மாதிரிதான் இருந்தது, மனசு நோகுமே என்று அப்போது நான் சொல்லவில்லை. சைலன்சருக்குள் இருந்ததைப் பிடுங்கிப் போட்டாய், முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டது. டாங்கிக்குச் சிவப்பு அடித்தாய். பின் மட்கார்டை ரம்பம் போட்டுப் பாதியாக அறுத்தாய். கேரியரைக் கழற்றிக் கிணற்றடியில் எறிந்தாய், அது இருந்தால் பால்காரன் வண்டி மாதிரி இருக்கிறது என்றாய். இரும்பு நல்ல இரும்பாக இருக்கிறதே என்று நான் அதை எடுத்துக் கழுவி, துலக்கிய பாத்திரம் கவிழ்க்க வைத்துக்கொண்டேன்.

அறுத்த மட்கார்டுத் துண்டை என்ன செய்தாய் தெரியுமா? கொட்டகையிலேயே போட்டுவிட்டாய். சாணி வாரப் போன உன் நைனா மிதித்தது அதைத்தான். ஏதோ ஆணி என்று உன்னிடம் சொன்னார், என்னையும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். ஆணியும் இல்லை, ஒன்றும் இல்லை, உன் தகடு. இனிமேல் மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது, அதனால் எழுதுகிறேன். கால் முழங்கால் வரை வீங்கி, காய்ச்சலில் அவர் பிதற்றிய அந்தக் காலை நேரம் உனக்கு நினைவிருக்கும். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். காளை இல்லை, கட்டை வண்டி இல்லை, கொட்டகையில் உன் வண்டி மட்டும் பளபளவென்று நிற்கிறது. பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுக் கேரியரைத் தருகிறேன், மாட்டு, பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போ என்று கெஞ்சினேன். நீ வண்டியையும் பார்த்தாய், அவரையும் பார்த்தாய். "இது ரெண்டு பேரைத் தாங்காதும்மா, சின்ன இஞ்சினு, நடு ரோட்ல நின்னுடும்" என்றாய். கட்டிலில் கிடந்தவரிடமும் போய் அதையே சொன்னாய். அவர் அந்தக் காய்ச்சலிலும் "சரிப்பா, வண்டி கெட்டுடப் போவுது" என்றார். ஜட்கா பிடித்து வருகிறேன் என்று போனாய், மழைக்கு எவனும் வரமாட்டேன் என்கிறான் என்று திரும்பி வந்தாய். கடைசியில் எதிர்வீட்டு வேம்புலியும் அவன் தம்பிமாரும் கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லி வைக்கிறேன் என்று நீ வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாய். நான் கட்டிலோடு நடந்தேன். சென்னீர்குப்பம் தாண்டும்போது ஒருவன் நின்று, யாருக்கு என்ன, பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டான். முன்னால் போகிறான் என்று சொல்வதற்குப் பதில், மழை வலுக்கிறது, வழி விடப்பா என்றேன். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது இடது காலில் விரல் என்று ஒன்றும் இல்லை. அந்தப் புண் ஆறுவதற்குள் நீ வேலை கிடைத்தது என்று ரயிலேறிவிட்டாய்.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவர் உன் வண்டியைப் பார்த்துக்கொண்டார். நீ எழுதியதில் ஒன்றைக்கூட விட்டது கிடையாது. நிக்கல் பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார், பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், வெள்ளிக்கிழமைதோறும் பெட்ரோல் இல்லாமலே கிக்கரை உதைப்பார். வலது காலால் உதைக்க வேண்டுமானால் அந்த மொட்டைக் காலை ஊன்றித்தான் நிற்க வேண்டும், உனக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. ஒரு கையால் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உதைப்பார். நான் பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்பார். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அரிவாளோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். பூஜைக்கு வைக்கிற பொருள் அழுக்காக இருக்கலாமா? டாங்கிக்குக் கீழே சொம்பு மாதிரி ஒரு பித்தளைச் சாமான் களிம்பேறிக் கிடந்தது. குங்குமச் சிமிழ் மாதிரி மேலே ஒரு மூடி, திருகினேன், வந்துவிட்டது. குத்துவிளக்குக்குத் தேய்த்த புளி கையில் மிச்சம் இருந்தது, அதையும் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தேன். தங்கம் மாதிரி மின்னியது, அவரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அதோடு வண்டி ஊமையாகிவிட்டது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வண்டியை அனுப்ப நான் எப்படி இறங்கிவந்தேன் என்று கேட்டால், போன வாரம் ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் அவர் ஆவடி ஸ்டேஷன்வரை நடந்தே போய், வண்டி அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்தபோது காலில் சுற்றிய துணி சிவந்திருந்தது. இதற்கு மேல் நான் யாரிடம் பிடிவாதம் பிடிப்பது? சரி, அனுப்புங்கள் என்றேன். டிப்போவில் உன்னோடு வேலை செய்த எத்திராஜுக்குச் சொல்லியனுப்பினோம், மழையிலும் வந்தான், நல்ல பிள்ளை. பெட்ரோலும் கொண்டுவந்தான், எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. எத்தனை உதைத்தும் வண்டி மூச்சுவிடவில்லை. அந்தப் பித்தளைச் சாமானைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா, கார்புரேட்டர்ல ரசம் வெச்சிகீறே" என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஊசிக்கண் போல ஒரு துவாரத்தில் புளி நார் அடைத்துக்கொண்டிருந்ததாம். ஊதிச் சுத்தம் செய்து மாட்டியதும் உறுமிக்கொண்டு எழுந்தது. உன் நைனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

ஸ்டேஷன்வரை எத்திராஜ் ஓட்டிக்கொண்டு போவது, இவர் கையெழுத்துப் போட யாருடைய வண்டியிலாவது பின்னால் போவது என்றுதான் பேச்சு. அவர் என்ன நினைத்தாரோ, கிணற்றடிக்குப் போய் அந்தக் கேரியரின் மேல் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்து எத்திராஜ் முன்னால் வைத்தார். "இதை மாட்டிட முடியுமா எத்திராஜு" என்று கேட்டார். மட்கார்டு பாதி இல்லை, அதனால் அவன் இரண்டு இரும்புப் பட்டை தேடி எடுத்து, துளை போட்டு, ஆணி முடுக்கி எப்படியோ நிறுத்திவிட்டான். இரண்டு பேர் போனால் எஞ்சின் நின்றுவிடாதா என்று நான்தான் கேட்டேன். அவன் என்னை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா இப்டி கேக்கறே, இதும்மேல மூட்டையே ஏத்திக்கினு போவாங்க" என்றான். நான் உன் நைனாவைப் பார்க்கவில்லை. கோணியை மடித்துப் போட்டு அவரை ஏற்றினோம், ஊன்ற இடமில்லாத அந்தக் கால் சக்கரத்தில் மாட்டாமலிருக்கத் துண்டால் வண்டியின் கம்பியோடு கட்டிவிட்டேன். போனார்கள். நான் தெருவிலேயே நின்றேன். ஏரிக்கரை மேடு ஏறும் வரைக்கும் சத்தம் கேட்டது, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

பொழுது சாய அவர் ஆவடிக் கட்டை வண்டி ஒன்றில் வந்து இறங்கினார். ரசீதைக் கொடுத்தார், கால் கழுவிக்கொண்டார், சோற்றைப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அது ரெண்டு பேரைத் தாங்குது" என்றார். நான் குழம்பை ஊற்றினேன். "நல்லாவே தாங்குது, மேட்டுல கூட திணறல" என்றார். பிறகு மோர் கேட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை உன்னைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன், இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். உன் வண்டி நல்ல வண்டி என்று சந்தோஷமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரசீதை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. ரயிலில் ஏற்றுவதற்காக டாங்கியைக் காலி செய்துவிட்டார்கள், பெட்ரோல் போடாமல் உதைத்துவிட்டு வண்டி கெட்டுவிட்டது என்று எழுதாதே. செயினை இறுக்கிப் போட்டிருப்பதாக எத்திராஜ் சொல்லச் சொன்னான். வரலட்சுமியின் பிள்ளைக்குத் தை மாதம் காது குத்துகிறோம், தாய்மாமன் மடி வேண்டும் என்பதற்காக இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இனித் தள்ளுவதற்கில்லை, நீ வராவிட்டால் யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், வேகமாகப் போகாதே, எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன், உன் நைனாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அந்தக் கேரியர் வண்டியோடுதான் வருகிறது. கழற்றுவதானால் எறிந்துவிடாமல் திருப்பி அனுப்பு, இங்கே பாத்திரமெல்லாம் தரையில் கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகம்மாள்