மூன்று நாள் சீட்டா, மாதச் சீட்டா

விக்கிரமசிங்கபுரம்
வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகள் கோமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மலையில் நல்ல மழை, ஆறு கலங்கலாகப் போகிறது. நீ சுகமா என்று எழுத வருகிற இடத்தில் இந்தத் தடவை பேனா நின்றுவிட்டது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போனதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் போனில் சிரித்துக்கொண்டே, பெர்லினில் நீ பிளேனை விட்டு இறங்கியதும் ரயிலுக்கு எந்தச் சீட்டு எடுக்கட்டும் அம்மா, ஒற்றைச் சீட்டா, மூன்று நாளா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்று கேட்டாயே, பெற்றவளுக்கு அது விளங்காதா. எத்தனை நாள் என்னோடு இருப்பாய் என்றுதானே கேட்டாய். அப்பா பக்கத்தில் நின்றார், அதனால் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மதார் பாய் மகள் தஸ்லிமா லீவு முடிந்து உங்கள் ஊருக்கே படிக்கத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அவள்தான் எனக்கு இந்தச் சீட்டு விவகாரத்தை எல்லாம் பாடம் நடத்தினாள். ஊரை ஏ, பி, சி என்று மூன்று வட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம், விமானம் இறங்குவது மூன்றாவது வட்டத்திலாம், இரண்டு வட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்கினவர்கள் அங்கே மாட்டிக்கொண்டு முழிப்பார்களாம். காகிதச் சீட்டு என்றால் பிளாட்பாரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டு முத்திரையும் குத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் வாங்கியும் வாங்காத மாதிரிதானாம். அடக் கொடுமையே, துட்டும் குடுத்துட்டுத் திருட்டு ரயில்ல போன பேரும் வாங்கணுமாட்டி என்றேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து மதியம் கண்ணை மூடினால் ரயில்தான். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, வெளியே வெள்ளை வெளேரென்று பனி, கொஞ்ச நேரத்தில் அதுவே நாற்றங்காலாகிவிடுகிறது, சேரன்மகாதேவி போகிறது, வீரவநல்லூர் போகிறது, கல்லிடைக்குறிச்சியும் தாண்டிவிட்டது. பெரிய பெரிய கோட்டுப் போட்டவர்கள் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டுப் பார்க்கிறவர் வருகிறார், முகத்தைப் பார்த்தால் உன் அப்பா. எத்தனை நாளைக்கு என்று கேட்கிறார். கையை விரித்தால் சீட்டு இல்லை, ஒரு கை ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது, ரயில் ஆடுகிறது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். பேர்ப்பலகை இல்லாத ஒரு ஸ்டேஷனில் நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். ரயில் பையப் போகிறது, ஆனால் நிற்கமாட்டேன் என்கிறது. எழுந்து பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது.

உன் அப்பா கதை தெரியும்தானே, உன் மாமனார் வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் மோர்கூடக் குடிக்காமல் திரும்பின மனுஷன். பொண்ணு குடுத்த வீட்ல மூணு நாளைக்கு மேல கை நனைச்சா மரியாதை இருக்காதுளா, விருந்தும் மருந்தும் மூணு நாளு என்று ஒரே பிடிவாதம். அதிலும் தஸ்லிமா அங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று நாள் சீட்டு என்று தனியாகவே உண்டு என்று சொன்னதும் அவருக்கு ஒரே கொண்டாட்டம். பாத்தியா, வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, நீ என்னமோ பேசுத என்கிறார். எனக்கு வந்ததே கோபம். விருந்துக்குப் போறவ மூணு நாள்ல திரும்பட்டும், நான் பத்தியம் பாக்கப் போறேன், கொறை மாசத்துல போனாலும் அவ சொமந்த வயிறு வயிறுதான், அது ஒமக்குத் தெரியாதா என்று கத்திவிட்டேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் நாட்டுமருந்துக் கடைப் பொட்டலம். சுக்கு, திப்பிலி, சதகுப்பை, பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டுகிற மருந்துக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. எத்தனை நாளைக்கு அண்ணாச்சி என்று கடைக்காரர் கேட்டாராம், ஒரு மாசத்துக்குக் கட்டும் என்றாராம். வீட்டுக்குள்கூட வரவில்லை, நேரே மதார் பாய் வீட்டு வாசலில் போய் நின்று, ஏ தாயி, அந்த மாசச் சீட்டு ஏரோப்பிளேன் எறங்குத எடத்துலேர்ந்தே செல்லுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று வட்டத்துக்கும் சேர்த்து எடுத்தால் செல்லும் என்றாளாம். அதற்கு அப்புறம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, சோறு நான் வடிச்சுக்கிடுதேன், நீ எம்புள்ளய எந்திரிக்க வச்சுட்டு வா என்றார். கோமு, இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

அதனால் மாதச் சீட்டே எடு. திரும்பி வருகிற தேதியையும் அதற்குத் தக்க மாற்றச் சொல் மாப்பிள்ளையிடம். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, வெறுந்தரையில் படுக்காதே, மருந்து கசக்கும் என்று இப்போதே முகத்தைச் சுளிக்காதே. நீ வாசலைத் தாண்டுவதே இல்லை, வீட்டுக்குள்ளிருந்தே வேலை பார்க்கிறாய், மாதாமாதம் எடுக்கிற உன் ரயில் சீட்டையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டாய் என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். நான் வந்ததும் எந்த ரயில் வருகிறதோ அதில் ஏறுவோம், தோன்றுகிற இடத்தில் இறங்குவோம், அழுகை வந்தால் ரயிலிலேயே உட்கார்ந்து அழுவோம், அங்கே யாருக்கு நம் பாஷை தெரியப்போகிறது. பாபநாசநாதரும் உலகம்மையும் உன் கூடவே நிற்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் ஆல்போல் தழைத்து இருங்கள். மறந்துவிடாதே, மாதச் சீட்டு ஒன்று போதாது, இரண்டு எடு. மற்றது உனக்கு.

உன்னைப் பெற்றவள்,
இசக்கியம்மாள்