கால்வாயில் விழாத சாவி

கால்வாய்ச் சேறு காயும்போது ஒரு வாடை வரும், அழுகிய வேப்பிலையும் சோப்பு நுரையும் சேர்ந்தாற்போல. புரட்டாசியில் அது வந்தால் நீங்கள் தெருவில் இறங்கிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். இன்று காலையும் அதே வாடை. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்றைய வாடைக்குக் காரணம் நான்.

பதினேழு வருடம் ஒரே தெருவில் இருந்தோம். மேட்டு முனையில் நான்; சரிவு முடிகிற பள்ளத்தில், கடைசிக்கு முந்தின வீட்டில் நீங்கள். தோழிகள் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நீங்கள் இருந்தவரை உங்கள் வாசற்படி தாண்டி நான் வந்ததில்லை. வருடாவருடம் மழைக்கு முன் ஒரு நாள் மண்வெட்டியோடு என் வாசலில் தொடங்கி, ஒவ்வொரு சிலாப்பாகத் தூக்கி, மழைநீர்க் கால்வாயை உங்கள் முனை வரை தனியாக வாரிப்போடுவீர்கள். அதன்பின் மழைக்காலம் முழுக்கத் தெருவே கால் நனையாமல் நடக்கும்.

ஒருமுறை காபி டம்ளரோடு கதவருகே நின்று கேட்டேன்: "எல்லாரையும் கூப்பிட்டா என்ன? எல்லாருக்கும்தானே கால்வாய்?"

நீங்கள் நிமிரவில்லை. "கூப்டாம இருப்பனா? இந்தா, டீச்சரைக் கூப்புடறேன். வாங்க."

எனக்கு முதல் மணி வகுப்பு இருந்தது. கிளம்பிவிட்டேன்.

அன்றைய பொருளியல் பாடம் பொதுப்பண்டங்கள். ஒருவர் உண்டாக்கினாலும் எல்லோரும் அனுபவிக்கலாம், யாரையும் விலக்கி வைக்க முடியாது. அதனாலேயே அடுத்தவர் செய்யட்டும் என்று எல்லோரும் ஓசியில் சவாரி செய்யப் பார்ப்பார்கள். அப்படியும் ஒருவர் செய்கிறார் என்றால், செய்யாவிட்டால் அதிகம் இழப்பவர் அவராக இருப்பார். எடுத்துக்காட்டாக உங்களைச் சொன்னேன். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி அவர் வீட்டில் இருக்கிறது, கால்வாய் அடைத்தால் முதலில் தண்ணீர் ஊறுவது அங்கேதான், அதனால் வாருகிறார் என்றேன். பின் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "குழி இல்லன்னா, மேடம்?"

"செய்ய மாட்டாங்க" என்றேன். பிறகு வந்த எல்லா வகுப்புக்கும் அதே எடுத்துக்காட்டு, அதே விடை.

ஆடியில் உங்கள் துக்கத்துக்கு வந்தபோதுதான் தறி அறையைப் பார்த்தேன். தரை முழுக்கச் சிமென்ட். தறி இரும்புக் கால்களில் நின்றது. உங்கள் கணவர் என் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும்.

"முட்டி மடக்க முடியலன்னு குழிய மூடி எட்டு வருசம் ஆவுதும்மா. இப்ப தண்ணி வந்தாலும் தறிக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்புறம் ஏன் கால்வாயை..."

"நானும் கேட்டுக்கினேதான் இருந்தேன். கொசுன்னுவா. மறு வருசம் நாத்தம்னுவா. அதுக்கும் மேல கேட்டா, உனுக்கு இன்னாய்யா, நீயா வார்றன்னுவா." அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

எட்டு வருடம் தவறான பாடம் நடத்தியிருக்கிறேன். வெட்கத்தைவிட அது எனக்கு விநோதமாகத்தான் இருந்தது. புகழுக்காகச் செய்தீர்கள் என்றால், எங்களில் ஒருவரும் புகழ்ந்ததில்லை. புண்ணியம் என்றால், கோயிலுக்குப் போகவே சோம்பல்படுகிற ஆள் நீங்கள். பழக்கமாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாதபோது நாங்கள் வைக்கிற பெயர்தான் அது.

புரட்டாசி பிறந்தது. இந்த முறை யார் இறங்குவார்கள் என்று மாடியிலிருந்து பார்த்தேன். ஆராய்ச்சி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரே மழைக்குப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. உங்களுக்கு அடுத்த கடைசி வீட்டில் இன்னும் குழித்தறிதான். கல்யாணப் புடவைக்குப் பாவு நூலைத் தறியில் ஏற்றியிருந்தார்கள். அந்த வீட்டுக் கல்பனா வாசலில் மணல் மூட்டை அடுக்கினாள். அவரவர் வாசலை அவரவர் காத்துக்கொள்வது; பாடத்தில் அதுவும் உண்டு. ஆனால் தண்ணீர் அடியில் அல்லவா ஊறும். இன்னொரு மழை பெய்தால் குழி நிறைந்துவிடும், புடவை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் உங்கள் மண்வெட்டியை வாங்கிவந்து முதல் சிலாப்பை நெம்பினேன். எதிர்வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், சாவி கீவி வுழுந்துடுச்சா?"

"ஆமா" என்று வாயில் வந்துவிட்டது.

"பீரோ சாவியா? தள்ளுங்க, தள்ளுங்க." லுங்கியை மடித்துக் கட்டினார்.

"தண்ணி இழுத்துக்கினு போயிருக்கும்பா, கீழ பாரு" என்று இன்னொருவர் வந்தார். யாரோ கயிற்றில் காந்தம் கட்டி எடுத்துவந்தார்கள். கல்பனாவின் கணவர் தறியை விட்டு எழுந்து வந்தார். சிலாப் சிலாப்பாகப் பள்ளம் வரை வாரினோம். பத்து மணிக்குத் தண்ணீர் தடையில்லாமல் ஓடியது.

"இவ்ளோ பேர் தேடியும் கெடைக்கலியே டீச்சர்" என்று கல்பனா மோர் கொடுத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

சாவி என் இடுப்பில் இருந்தது. குனியும்போதெல்லாம் குத்தியது. கொசு, நாற்றம் என்று வருடத்துக்கு ஒன்றாக நீங்கள் சொன்னதும் இப்படிப்பட்ட சாவிகள்தானோ? கேட்பவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறீர்கள். உண்மையான காரணம் ஒன்று உங்களிடம் இருந்ததா? என்னிடம் இருக்கிறதா என்று மத்தியானம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். கல்பனாவின் குழி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குழி போன வருடமும் அங்கேதான் இருந்தது.

அடுத்த வாரம் அதே பாடம் வருகிறது. உங்கள் வீட்டைத்தான் சொல்வேன், சிமென்ட் தரையோடு சேர்த்து. பின் வரிசையிலிருந்து யாராவது ஏன் என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மண்வெட்டியைக் கழுவி என் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். உங்கள் கணவர் அந்த வழியாகத்தான் போனார். பார்த்தார். கேட்கவில்லை.